துரை மணியும் என் மாமாவும்

சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பவளை நடுவில் நிறுத்தித் திருத்திய மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அவர் என் தாய்மாமா. எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், மேல் லயத்துப் பெரியவர் ஒருவர் காலமான அன்று, அவருடைய தங்கச்சி மார்பில் அடித்துக்கொண்டு, "மூணு சிங்கத்தப் பெத்தியே, மூணும் உன்னத் தாங்கலியே" என்று இழுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். மாமா முதல் சுற்றுக்குப் பொறுத்துக்கொண்டார். இரண்டாவது சுற்றில் முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குனிந்து, மெதுவாகத்தான், "நாலு, ஆத்தா. ஒருத்தன் கண்டிப் பக்கம் போயிட்டான். அவனையும் சேத்துக்க" என்றார். அவள் மூக்கைச் சிந்திவிட்டு, நாலு சிங்கம் என்று பாடினாள். பாட்டு நொண்டியது. கணக்கு நேராயிற்று.

ஆளைப் பார்த்தால் சாது. ஒல்லி உடம்பு, முழங்கால்வரை காலுறை, காக்கிக் கோட்டு, கக்கத்தில் குடை. குரல் உயரவே உயராது. அதுதான் சங்கடம். சத்தம் போட்டுத் திருத்துகிறவனோடு சண்டைக்குப் போகலாம். இவரோ வைத்தியர் மாதிரிப் பக்கத்தில் வந்து, "கோவிச்சுக்காதீங்க, ஒரு சின்ன விசயம்" என்பார். அந்தச் 'சின்ன விசயம்' காதில் விழுந்தாலே கொழுந்தெடுக்கும் பெண்கள் தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள்.

அத்தைக்கு இதைச் சொல்லி மாளாது. "எனக்குத் தாலி கட்டுற நேரத்துல, தாலியக் கையில வச்சுக்கிட்டு, மேளக்காரன் ராகத்தத் தப்பா வாசிக்கிறான்னு திரும்பிப் பார்த்த மனுசன்யா உங்க மாமா!" என்று என்னிடம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே கோட்டு மாட்டிக்கொண்டிருந்த மாமாவின் குரல் வந்தது: "ராகமில்ல. தாளம்."

ஹாலிஎலைக்கு மேலே, மலை ஏறிப் போகிற தோட்டம். மாமா அங்கே கணக்கப்பிள்ளை. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் வாசிப்பது, எந்த மலைக்கு யார் என்று பிரித்துவிடுவது, கொழுந்து நிறுக்கையில் பக்கத்தில் நிற்பது, எல்லாம் அவர்தான். நான் பதுளையில் மிஷன் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப்போட்ட காகிதத்துக்குப் பதில் வருமென்று அவர் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்று சொல்வது சரியில்லை. எனக்கு உட்காரத் தெரியாது. ஏதாவது ஒரு பைத்தியம் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்த வருஷம் பிடித்தது சோதிடம். பதுளை பஜாரில் ஒரு முஸ்லிம் நானா கடையில் சர்க்கரை கட்டிக்கொடுக்கும் மேசையிலேயே பஞ்சாங்கமும் விற்றார்கள். வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் பூமி உருண்டையைச் சுழற்றிக் காட்டியிருந்தார்கள். இங்கே அதே பூமி சுழல்வதை நாழிகையாக்கிக் கட்டத்துக்குள் அடைத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் தலை கிறுகிறுத்துப்போயிற்று எனக்கு.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்து மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பண்டாரவளை ஸ்டேஷனில் எட்டு மணி என்றால் எங்கள் தோட்டத்தில் ஒன்பது மணி. ஒரே சூரியன், ஒரே மலை. ஆனால் கொழுந்து அரைக்கும் தோட்டத்து ஸ்டோரில் தொங்கும் மணி ஒரு மணி நேரம் முன்னாலேயே அடித்துவிடும். துரையின் உத்தரவு அது. மத்தியானத்துக்குமேல் மழை இறங்கிவிடும், அதற்குள் கொழுந்து ஸ்டோருக்கு வந்து சேரவேண்டும் என்பது ஒரு காரணம். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே துரைக்குக் கிளப்பில் போய்ப் பந்தடிக்கவேண்டும் என்பது இன்னொன்று. காலையிலே சீக்கிரம் எழுந்திருங்கள் என்று ஆட்களிடம் சொன்னால் முனகுவார்கள். கடிகாரத்தைத் தள்ளி வைத்துவிட்டால் யாரும் முனகமாட்டார்கள்; மணி ஆறு என்றால் ஆறுதானே! அதற்குத் 'துரை மணி' என்று பேர். மற்றது 'ரயில் மணி'. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் தெரிந்ததை மறந்துதான் எல்லாரும் பிழைத்தார்கள். ரயிலுக்குப் போகும் நாளில்கூட மறந்துவிடுவார்கள். பண்டாரவளை ஸ்டேஷனில் மூட்டையும் முடிச்சுமாக ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து குந்தியிருக்கும் கூட்டம் எங்கள் தோட்டத்துக் கூட்டம். "எளவு, இந்த ரயிலு என்னிக்குத்தான் நேரத்துக்கு வந்திருக்கு?" என்று திட்டுவார்கள். மாமா மட்டும் கடைசியில், ரயில் ஊதும்போது, குடையை ஊன்றிக்கொண்டு வந்து ஏறுவார்.

அவருடைய பைக்கடிகாரம் ரயில் மணிதான் காட்டும். "சாப்பாடு எத்தன மணிக்குங்க?" என்று அத்தை கேட்டால், "எந்த மணி?" என்பார். துரையிடமே போய், கடிகாரம் தப்பு என்று சொல்லிவிட்டு வந்தவர். துரை சிரித்துவிட்டு, என் தோட்டத்தில் நான் சொல்வதுதான் மணி என்றாராம். "தோட்டம் அவரோடது. சூரியன் அவரோடதா?" என்று மாமா வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த நாட்களில் எனக்கு அவர்மேல் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஒரு துரை, நூறு கங்காணி, இத்தனை ஜனம். இவர்களுக்கு நடுவில் சரியான நேரத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஒரே ஒரு மனிதர்!

பிறந்த நேரம் என்று ஜாதகத்தில் எழுதுவது சூரியன் உதித்ததிலிருந்து எத்தனை நாழிகை என்பதைத்தான். எங்கள் மலையில் பனிமூட்டம். சூரியன் எப்போது உதித்தது என்று எவன் கண்டான்? அதனால் ஆறு மணி அடித்தால் உதயம் என்று வைத்துக்கொண்டு எண்ணிவிடுவார்கள். ஆனால் துரை மணி ஆறு அடிக்கையில் சூரியன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே! இரண்டரை நாழிகை பிசகு! அப்படியானால் இந்தத் தோட்டத்தில் பிறந்தவர்களின் ஜாதகங்களில் பாதி தப்பு! இதைக் கண்டுபிடித்த நிமிஷத்தில் நான் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு மாமாவைத் தேடித் தேயிலைக்குள் ஓடினேன்.

அவர் நிமிரக்கூட இல்லை. "இத நான் நீ பொறக்குறதுக்கு முந்தியே சொல்லிட்டேன் மாப்ள."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும். புள்ள பொறக்குற வீட்டு வாசல்லயெல்லாம் போய் நின்னு சொல்லியிருக்கேன். ஒரு மணி கழிச்சு எழுதுங்கன்னு. சில பேர் கேப்பான். சில பேர், மணி அடிச்சா மணிதானேம்பான்."

உண்மைதான். லயத்தில் பிள்ளை பிறந்தால் மருத்துவச்சி உள்ளேயிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தைப் படுதாவுக்கடியில் வெளியே உருட்டிவிடுவாள். அதுதான் அடையாளம். பழம் வந்த நேரம் பிறந்த நேரம். ஆம்பிளைகள் வெளியே காத்திருப்பார்கள். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் மாமா அங்கே இருப்பார்.

பூவாயி என்று ஒருத்தி கீழ் லயத்தில் இருந்தாள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். ஒரே மகள் காமாட்சி. கொழுந்தில் அவள் கை போகிற வேகத்துக்கு யாரும் ஈடு கிடையாது. அவளை ஹல்துமுல்லைப் பக்கத்துக் கங்காணி ஒருவர் தம் மகனுக்குக் கேட்டார். பையன் அம்மன் திருவிழாவில் அவளைப் பார்த்திருக்கிறான்; அவளும் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு மாதம் அவள் தலையில் பூ இல்லாமல் மலைக்குப் போன நாளில்லை. கூட இருந்த பெண்கள், "என்னடி, ஹல்துமுல்லைல மழையா வெயிலா?" என்று கேலி பண்ணுவார்கள். "போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்டி" என்பாள் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூவாயி வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் பாய் விரித்துப் பெரியவர்கள் உட்கார்ந்தோம். பையனின் அப்பா, அவருடைய ஆட்கள் சிலர், பதுளையிலிருந்து கூட்டிவந்த சாத்திரியார். பெண் வீட்டுக்கு ஆம்பிளை இல்லையென்பதால் மாமா அந்தப் பக்கம். பூவாயியே வந்து, "நீங்க வந்து உக்காந்தாத்தான் எங்களுக்கு ஒரு மதிப்புங்க" என்று கும்பிட்டுக் கூப்பிட்டிருந்தாள். மாமாவோடு நான். வாசலில் எங்கள் தோட்டத்து ஆட்கள் சிலர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சாத்திரியார் இரண்டு ஜாதகத்தையும் பிரித்துப் பார்த்தார். பெண்ணின் ஜாதகத்தை எழுதியவர் எப்போதோ இந்தியாவுக்குத் திரும்பிப் போய்விட்டார், காகிதம்தான் இருந்தது. நட்சத்திரம் பொருந்துகிறது, மற்றதும் பொருந்துகிறது, பேஷாகச் செய்யலாம் என்றார். பையனின் அப்பா சிரித்துக்கொண்டே வெற்றிலைத் தட்டை எடுக்கக் கையை நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க, ஒரு சின்ன விசயம்" என்றார் மாமா.

எங்கள் தோட்டத்து ஆட்கள் சிரித்தேவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

"இந்த ஜாதகத்துல உதயத்திலிருந்து அஞ்சு நாழிகைன்னு போட்டிருக்கு. அதாவது காலையில எட்டு மணி. இந்தத் தோட்டத்துல எட்டு மணின்னா அது துரை மணி. உண்மையில ஏழு. ரெண்டரை நாழிகை கழிக்கணும்."

சாத்திரியார் நிமிர்ந்தார். துரை மணி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. மாமா விளக்கினார். எவ்வளவு அழகாக விளக்கினார் தெரியுமா! சூரியன், பனி, ஸ்டோர் மணி, ஸ்டேஷன் மணி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பைக்கடிகாரத்தைத் திறந்து காட்டினார். வந்தவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். நான் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். புள்ள பொறக்குற வீட்டு வாசல்லயெல்லாம் போய் நின்னு சொல்லியிருக்கேன் என்று அவரே என்னிடம் சொன்னது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவருக்கும் வரவில்லை. அந்தக் காகிதத்தில் இருப்பது கழித்த நேரமா, கழிக்காத நேரமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாத்திரியார் விரல்விட்டு எண்ணினார். லக்கினம் ஒரு கட்டம் பின்னால் போயிற்று. ஆறாம் இடத்தில் பேசாமல் கிடந்த செவ்வாய், ஏழாம் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

"ஏழுல செவ்வாயா?" என்றார் பையனின் அப்பா. தட்டுக்கு நீண்ட கை மடிக்குத் திரும்பிவிட்டது. ஏழாம் இடம் புருஷனுடைய இடம். அங்கே செவ்வாய் இருந்தால் என்ன சொல்வார்கள் என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அப்போதுதான் மாமா முகம் மாறியது. தாம் திருத்தியது எங்கே போய் முட்டியது என்று அப்போதுதான் பார்த்தார். சமாளிக்க இன்னும் நேரம் இருந்தது.

உள்ளேயிருந்து பூவாயியின் குரல் வந்தது. பெண்கள் அந்த நேரத்தில் பேசுவது வழக்கமில்லை.

"ஐயா, அன்னிக்கே நீங்க கழிச்சிட்டீங்களே!"

எல்லாரும் படுதாவைப் பார்த்தோம்.

"நான் வலியில கெடக்குறேன். வெளிய நீங்க எம்புருசனோட சண்ட போடுறீங்க. ஒம்பது அடிச்சிருச்சின்னாரு அவரு. அது துரை மணிடா, எட்டுன்னு சொல்லுன்னீங்க. எட்டுன்னுதான்யா எழுதுனாங்க. பழம் ஒங்க செருப்புல வந்து பட்டுச்சு. பழத்த உருட்டணும், வீசக்கூடாதுன்னு மருத்துவச்சியையும் திருத்துனீங்க. மருத்துவச்சி உள்ள சிரிச்சா. எனக்கு அந்த வலியிலயும் சிரிப்பு வந்துச்சுங்க."

பழத்தை உருட்டணும், வீசக்கூடாது. உலகத்தில் இன்னொரு மனிதன் அந்த இடத்தில் அதைச் சொல்லியிருக்க முடியுமா? நான் மாமாவைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. கடிகாரத்தின் மூடியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தது அவர் கை. தம் சொல்லைத் தாமே கேட்டு அடையாளம் கண்டுகொண்ட முகம் அது.

"என்னங்க ஐயா?" என்றார் பையனின் அப்பா. மரியாதையாகத்தான் கேட்டார். "அந்தம்மா சொல்றது..."

மாமா சொன்னார்: "வலியில அவ காதுல என்ன விழுந்துச்சோ. எனக்கு அப்படி ஞாபகமில்ல."

இதை எழுதும்போது கூசுகிறது. அவருடைய மெதுவான, மருந்து கொடுக்கிற குரலிலேயே சொன்னார். அதனால் எல்லாரும் நம்பினார்கள்.

வீட்டில் கலந்துகொண்டு சொல்லி அனுப்புகிறோம் என்று அவர்கள் எழுந்தார்கள். வெற்றிலைத் தட்டு பாயிலேயே இருந்தது. காமாட்சி தேத்தண்ணித் தட்டோடு படுதாவை விலக்கிக்கொண்டு வந்தவள், காலியான பாயைப் பார்த்துவிட்டு நின்றாள். தட்டை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் மாமாவும் ஆளுக்கொன்று எடுத்துக் குடித்தோம். வேறு என்ன செய்வதென்று எங்களுக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு அத்தை வைத்த குழம்பில் உப்புக் கரித்தது. மாமா பேசாமல் சாப்பிட்டார். அத்தை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயையோ, உப்பு! ஏங்க, ஒண்ணுஞ் சொல்லல?" என்றார்.

"சரியாத்தான் இருக்கு."

அத்தை என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

ஹல்துமுல்லையிலிருந்து ஆள் வந்தான். மன்னிக்கணும், வேற இடம் பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு மாமா பெரட்டுக் களத்தில் பேர் வாசிக்கும்போது காமாட்சி என்ற பேரை மட்டும் விழுங்கி விழுங்கி வாசித்தார். யாரும் எதையும் தப்பாகச் செய்தாலும் பார்த்துக்கொண்டே போனார். பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பயந்தார்கள். ஐயாவுக்கு உடம்புக்கு என்ன என்று என்னைக் கேட்டார்கள்.

ஒரு நாள் காலையில், "மாப்ள, ஹல்துமுல்லைக்குப் போவோம், வர்றியா?" என்றார். பண்டாரவளைக்குப் போனோம். ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னார்: "உருட்டணும்னு சொன்னது நான்தான்."

"தெரியும் மாமா."

"ஒனக்குமா தெரிஞ்சிருச்சு?" என்று கேட்டுவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹப்புத்தளையில் இறங்கிக் கீழே நடந்தோம். பையனின் அப்பா ஓடிவந்து வரவேற்றார். நாற்காலி, வெற்றிலை, தேத்தண்ணி எல்லாம் ஆயிற்று. மாமா உட்காரவில்லை.

"அந்த ஜாதகத்துல இருக்கிறது ரயில் மணிதான். அன்னிக்கே நான்தான் கழிச்சேன். மறந்துபோய் மறுபடி கழிச்சிட்டேன். புள்ள ஜாதகம் சுத்தம்."

"அந்தம்மா சொன்னப்ப இல்லேன்னீங்களே ஐயா?"

"பொய் சொன்னேன்."

பையனின் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயா, ஒங்களப் பத்தி இந்த மலைக்கே தெரியும். துரைகிட்டயே போய்த் தப்புன்னு சொன்னவரு நீங்க. ஒங்க வாயில பொய் வருமா? புருசன் இல்லாத பொம்பள, வந்து அழுதிருப்பா. மனசு கேக்காம இம்புட்டு தூரம் வந்துட்டீங்க. தங்கமான மனசுங்க ஒங்களுக்கு. ஆனா எனக்கு ஒத்த மகன்."

"நான் சத்தியம் பண்றேன்."

"வேணாங்க, வேணாங்க" என்று அவர் மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அவங்களுக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணி அந்தப் பாவத்த நீங்க சுமக்கக்கூடாது."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நீயாவது சொல்லேன் என்கிற மாதிரி. நானும் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, "மாமாவுக்கு ஏத்த மருமகன்தான்" என்றார்.

திரும்பி வந்ததும் மாமா நேரே கீழ் லயத்துக்குத்தான் போனார். பூவாயி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"போய்ச் சொல்லிட்டு வந்தேன் பூவாயி. நம்ப மாட்டேங்குறாங்க."

"எங்க போய்ச் சொன்னீங்க?"

"ஹல்துமுல்லைக்கு."

"அங்கயா சொன்னீங்க?" என்றாள் அவள். "என்னப் பொய்க்காரி ஆக்குனது இங்கதானுங்களே."

அவ்வளவுதான். மறுபடி குந்தி விறகை எடுத்தாள்.

மறுநாள் பெரட்டு. துரை மணி ஆறு, அதனால் கும்மிருட்டு. பனியில் பந்தம் எரிகிறது. கம்பளியைப் போர்த்துக்கொண்டு ஜனம் வரிசையில் நிற்கிறது. மாமா பேர் வாசித்தார். பூவாயி பேர் வந்ததும் நிறுத்தினார். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. பூவாயி சொன்னதுதான் உண்மை. காமாட்சி பொறந்த நேரத்த நான் அன்னிக்கே கழிச்சேன். ரெண்டாந்தடவ கழிச்சது என் தப்பு. இல்லேன்னு சொன்னது அதவிடத் தப்பு. அந்தப் புள்ளைக்கு ஒரு தோசமும் இல்ல."

பெரிய கங்காணி இருமினார். "சரிங்க ஐயா, சரிங்க. பேர வாசிங்க, நேரமாகுது."

பின்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "பாவம்டி, எவ்வளவு நல்ல மனுசன். அந்தப் புள்ளைக்காக, இருந்திருந்து தன் பேரக் கெடுத்துக்குறாரு பாரு."

பூவாயிக்கும் கேட்டிருக்கும். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தாள்.

அப்புறம் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்தோம். எனக்குப் பதுளையில் வேலை கிடைத்தது. அந்த ஹல்துமுல்லைப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்துவிட்டது. காமாட்சி அன்றைக்கும் கூடை நிறையக் கொழுந்து எடுத்தாளாம். அத்தை சொன்னார். அடுத்த வருஷம், மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் ஒரு பையன் அமைந்தான். அவன் ஜாதகத்தில் நிஜமாகவே செவ்வாய் தோஷம். செவ்வாய்க்குச் செவ்வாய் சரியாகிவிடும் என்று முடித்தார்கள். சாந்தமான பையன்.

தலைப்பிள்ளை பிறந்து, காமாட்சி தாய்வீட்டிலிருந்து புருஷனோடு புறப்படும் நாளில் நான் மாமா வீட்டில் இருந்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மாமாவிடம் ஆசீர்வாதம் வாங்க வந்தார்கள். காமாட்சி சதை போட்டு நன்றாக இருந்தாள். பிள்ளையை மாமா காலடியில் கிடத்திவிட்டு அவளும் விழுந்து கும்பிட்டாள்.

"ஐயா, அன்னிக்கு நீங்க திருத்தலேன்னா, நான் அங்க வாக்கப்பட்டு, அந்த மனுசன் உசுருக்கு எமனா போயிருப்பேன். எங்கம்மா என்மேல உள்ள ஆசையில என்னென்னமோ சொல்லுச்சு. நீங்கதான்யா காப்பாத்துனீங்க. இந்தப் புள்ளயும் நீங்க குடுத்ததுதான்."

அவள் புருஷன் கைகட்டி நின்று தலையை ஆட்டினான். அவனுக்கும் நன்றிதான்.

மாமா குனிந்து பிள்ளையின் தலையைத் தொட்டார். "கோவிச்சுக்காத, காமாட்சி," என்று ஆரம்பித்தார். எத்தனையோ நாளைக்கப்புறம் அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்கிறேன்.

பூவாயி வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. அவள் மாமாவை நேராகப் பார்த்து, ஒரே ஒரு தடவை, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"நல்லாயிரும்மா" என்றார் மாமா.